பரீட்சைக்கு முன்னாலேயே அடித்த பேனர்

விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஏசி, நெட்வொர்க்கிங் லேப், பையன்கள். இந்தப் பக்கம் டைப்பிங், டிடிபி, அக்கவுண்ட்ஸ், பெண்கள், ஃபேன். யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. பிள்ளைகளைச் சேர்க்க வருகிற அப்பாக்களுக்கே அது தெரிந்திருந்தது. நான் இரண்டுக்கும் நடுவில், வாசலில், ரிசப்ஷன் மேசையில் உட்கார்ந்திருந்தேன். போன் எடுப்பது, அட்மிஷன் போடுவது, பிறகு வேதக்கார வீட்டுப் பெண்ணாகிய, அதாவது கிறிஸ்தவளாகிய நானே தினமும் பிள்ளையார் படத்துக்குப் பூ மாற்றுவது, இதெல்லாம் என் வேலை.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தவள். திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற பாதையில் எங்கள் ஊர். ஊர் என்றால் ஊர் இல்லை, காலனி. அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா களை எடுக்கவும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பறிக்கவும் போய் என்னைப் படிக்க வைத்தாள். படித்து முடித்ததும் கிடைத்தது இந்த ரிசப்ஷன் நாற்காலி. பெண்ணாக இருந்து கொஞ்சம் நன்றாகப் பேசினால் நம் ஊரில் முதலில் நீட்டுகிற நாற்காலி அதுதான்.

சென்டரில் வேலை செய்கிறவர்கள் ஒரு கோர்ஸ் இலவசமாகப் படிக்கலாம் என்று ஒரு ஏற்பாடு. நான் நெட்வொர்க்கிங் என்றேன். சென்டர் நடத்துகிறவரை எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். சார் சிரித்தார்.

"உனக்கு எதுக்கும்மா அது? கேபிள் இழுக்கணும், ஏணி ஏறணும். அக்கவுண்ட்ஸ் படி. ஏதாவது கடையில ஒக்காந்துக்கினு நிம்மதியா வேலை பாக்கலாம்."

"ஏணி ஏறத் தெரியும் சார். எங்க வீட்ல ஓடு மாத்துறது நான்தான்."

அந்த வருஷம் அந்த பேட்ச்சுக்கு ஆள் குறைவு. அதனால்தான் விட்டார், பெருந்தன்மையால் அல்ல. கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார வேண்டும், போன் அடித்தால் எழுந்து ஓட வேண்டும் என்பது நிபந்தனை. பாதிப் பாடம் எனக்குக் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் நடந்தது. வாத்தியாரின் வாய் அசைவது தெரியும், இங்கே நான் ஒருவருக்கு கோர்ஸ் விவரம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

எங்கள் லேப்பில் ரூட்டர் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கண்ணாடி பீரோவுக்குள் வைத்திருந்தார் சார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் காற்றோட்டத் துளைகளில் வருஷம் முழுக்க அப்பியிருக்கும். அட்மிஷனுக்கு யாராவது வசதியான வீட்டிலிருந்து வந்தால் பீரோவைத் திறந்து பிளக்கில் சொருகுவார். பச்சை விளக்கு மினுக்கும். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். அதோடு அதற்கு வேலை முடிந்தது.

இன்றைக்கு நான் எத்தனையோ ரூட்டர்களைப் பிரித்துப் போட்டு மாட்டியிருக்கிறேன். சர்வர் ரேக்குக்குப் பின்னால் ஒரு பெண் தலை தெரிந்தால் திகைக்கிற ஆட்களையும் பார்த்தாயிற்று. அதனால் நான் கடைசியில் இந்த வேலைக்கு வந்தேனா இல்லையா என்று யாரும் பதற வேண்டாம். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கதை. பாஸ் ஆகாத ஒருத்தியைப் பாஸ் என்று ஊரே சேர்ந்து சொன்னபோது, இல்லை என்று சொல்ல நான் பட்ட பாடு.

அந்தப் படிப்புக்குச் சென்னையில் போய்க் கம்ப்யூட்டரில் பரீட்சை எழுத வேண்டும். வெளிநாட்டுப் பரீட்சை. பாஸ் பண்ணினால் உலகம் முழுக்கச் செல்லும் என்று சார் எல்லாரிடமும் சொல்வார், நானும் போனில் அதையே சொல்வேன். பாடத்தில் பையன்கள் எல்லாரும் பயந்தது சப்நெட்டிங்குக்கு. பெரிய நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கிற கணக்கு அது. பிரித்துவிட்டால் ஒரு துண்டில் இருக்கிற கம்ப்யூட்டர் கூப்பிடுவது அடுத்த துண்டுக்குக் கேட்காது. நடுவில் ஒரு ரூட்டர் நின்று வாங்கிக் கொடுத்தால்தான் செய்தி போகும். வாத்தியார் இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. எங்களுக்கு ஒரே பின்கோடு, ஒரே பஞ்சாயத்து, ஆனால் ஊர்த்தெரு வேறு, காலனி வேறு. தபால்காரர் எங்கள் கடிதங்களை ஊர்த்தெரு மளிகைக் கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். கடைக்காரர் மனசு வைத்தால் காலனிக்கு வரும். பாலிடெக்னிக்கில் சீட் கிடைத்த கடிதமே எனக்கு அப்படித் தாமதமாகத்தான் வந்தது. இதை நான் வகுப்பில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பையன்களுக்குக் கணக்குப் புரிந்திருக்கும், எனக்கும் அங்கே ஒரு தனித்துண்டு கிடைத்திருக்கும்.

கணக்கு பழகியது ரயிலில். தினமும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சர். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நின்று நின்று போகும். நூற்று இருபத்தெட்டு, அறுபத்து நாலு, முப்பத்திரண்டு, பதினாறு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். எதிரே கொய்யாக்கூடையோடு வரும் அக்கா ஒருநாள், "இன்னா பாப்பா, ஜெபமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் நான் முணுமுணுக்கும்போது அவர் கொய்யா விலை பேசுவதையும் கொஞ்சம் தணிந்த குரலில் வைத்துக்கொண்டார்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு சார் எல்லாருக்கும் ஒரு ஜெராக்ஸ் கட்டுக் கொடுத்தார். அதற்குப் பெயர் டம்ப்ஸ். எழுதிவிட்டு வந்தவர்கள் ஞாபகத்திலிருந்து சொன்னதும், எங்கிருந்தோ திருடி வந்ததுமான கேள்விகள், பக்கத்திலேயே பதில். அதை மனப்பாடம் பண்ணினால் போதும், பாஸ். எங்கள் சென்டரின் பாஸ் கேரண்டி என்பது அந்தக் கட்டுதான். நான் அதில் ஒரு சப்நெட் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எனக்கு வேறு விடை வந்தது. திரும்பப் போட்டேன். அதே விடைதான். சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தப்போ ரைட்டோ, அதாம்மா ஆன்சர். நீ ஏன் பேஜாரு பண்ற? அப்டியே உருப்போடு."

எனக்குச் சுருக்கென்று வந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாதிப் பாடத்தைக் கதவு வழியாகப் பார்த்து, ரயிலில் ஜெபம் பண்ணி நான் கற்றுக்கொண்டதை ஒரு ஜெராக்ஸ் வந்து தப்பு என்று சொல்வதா? கட்டைத் தூக்கி மேசை டிராயரில் போட்டு மூடினேன். நான் யோக்கியசிகாமணி என்று சொல்லவில்லை. எனக்குக் கோபம், அவ்வளவுதான். அந்தக் கோபம் சரியான கோபம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இனி பேனர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் காது குத்தினாலும் பேனர், கடை திறந்தாலும் பேனர், செத்தாலும் பேனர். ஆடி மாசம் பிறந்தால் கல்யாணம் இல்லாததால் ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு வேலை இருக்காது, குறைந்த ரேட்டில் அடித்துத் தருவார். அதேசமயம் எங்களுக்கு அட்மிஷன் காலம். ஆகவே சார் ஒவ்வொரு வருஷமும் பரீட்சைக்கு முன்பே ஆடியில் பேனர் அடித்துவிடுவது வழக்கம். டம்ப்ஸ் கொடுத்தாயிற்று, எல்லாரும் பாஸ்தான், அப்புறம் எதற்குக் காத்திருக்க வேண்டும்? இதுவரை அப்படி அடித்தது எதுவும் வீணானதில்லை.

அந்த வருஷ பேனரில் நடுவில் என் படம். பையன்கள் எல்லாரும் சுற்றிலும். ஒரு பெண் முகம் நடுவில் இருந்தால் அட்மிஷன் பிய்த்துக்கொண்டு போகும் என்று சார் கணக்குப் போட்டிருந்தார். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் என் பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து தலையை மட்டும் எடுத்து, எவளோ ஒரு வெள்ளைக்காரியின் கோட்டு போட்ட உடம்பில் ஒட்டியிருந்தார். உடம்புக்கும் தலைக்கும் நிறம் ஒத்துவராததால் என் மூஞ்சியையும் வெளுத்திருந்தார். பின்னால் ஒரு உலக உருண்டை. மேலே கொட்டை எழுத்தில், சர்வதேசத் தேர்வில் வெற்றி பெற்ற எங்கள் மாணவ மணிகளுக்கு வாழ்த்துகள்.

நான் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். பெயில்.

எப்படிப் பெயில் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ் மீடியத்தில் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஒன்றாம் வகுப்பிலிருந்து நமக்கு ஊட்டுவது ஒன்றுதான். தெரிந்த கேள்வியை முதலில் எழுது. தெரியாததற்கு இடம் விட்டு வை. கடைசியில் வந்து பார்த்துக்கொள்ளலாம். பத்தாவதும் பாலிடெக்னிக்கும் நான் அப்படித்தான் தாண்டினேன். இங்கேயும் அதையேதான் செய்தேன். யோசிக்க வேண்டிய கேள்வி வந்தால் அடுத்ததுக்குப் போனேன். திரையில் ரூட்டர்களின் படம் வந்து, கட்டளைகளை நாமே அடித்துச் சரிபண்ணச் சொல்லும் பெரிய கேள்வி ஒன்று வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். நிதானமாகக் கடைசியில் செய்துகொள்ளலாம் என்று அதையும் விட்டுவிட்டு அடுத்ததை அழுத்தினேன்.

கடைசிக் கேள்வி முடிந்ததும் திரும்பிப் போகிற பட்டனைத் தேடினேன். இல்லை. எங்கேயும் இல்லை. கையைத் தூக்கினேன். கண்காணிக்கிற மேடம் வந்து, "அதுல பேக் போக முடியாது. முன்னாடியே இன்ஸ்ட்ரக்ஷன்ல வந்திருக்குமே" என்றார். வந்திருந்தது. இங்கிலீஷில், பக்கம் பக்கமாக. எந்தப் பரீட்சையிலாவது விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது என்று எழுதியிருக்கும் என நினைத்து நான் ஏன் தேடப் போகிறேன்? டம்ப்ஸ் படித்த பையன்களுக்குத் திரும்பிப் போகிற தேவையே வராததால் அவர்களும் இதைச் சொன்னதில்லை. எனக்கு அங்கே உட்கார்ந்து அழத் தோன்றவில்லை. தெரிந்த பதிலைச் சொல்ல விடாமல் போனை வைத்துவிட்டவன் மேல் வருகிற கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "பெயிலும்மா." அம்மா சோறு போட்டாள்.

மறுநாள் ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில் போய் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் சவுக்குக் கம்பு நட்டு என் பேனர் நிற்கிறது. மற்றப் பையன்கள் எல்லாரும் பாஸ். நான் நேராக சாரிடம் போனேன்.

"சார், என் போட்டோவ எடுத்துடுங்க. நான் பெயிலு."

"யாருக்கும்மா தெரியப் போவுது? அடிச்சாச்சு, கட்டியாச்சு. மெதுவா இன்னொரு தபா எழுதிக்க. இந்த தபா டம்ப்ஸ படி. அடுத்த மாசத்துலேர்ந்து உன்னையே லேப்ல வாத்தியாரா போட்டுர்றேன், போதுமா? விடு."

லேப்பில் வாத்தியார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். அதற்குத்தான் நான் இவ்வளவும் செய்தேன். ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போன் எடுத்தேன்.

அந்த வாரம் ஒரு துக்கத்துக்காக அம்மா விழுப்புரம் போனாள். பஸ் ஸ்டாண்டில் பேனரைப் பார்த்தாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பக்கத்தில் நின்றவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வெற்றி பெற்ற, என்று அவர் படித்ததுமே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. துக்க வீட்டுக்குச் சிரித்த முகத்தோடு போனாளாம். திரும்பி வந்ததும் வீட்டுக்குக்கூட வராமல் நேரே எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாரிடம் போயிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு எதுவும் தெரியாது. நன்மை என்கிற அப்பம் வாங்கி முடித்து, சாமியார் அறிவிப்பு வாசிக்கும்போது என் பேரைச் சொன்னார். நம் பங்கின் பிள்ளை, சர்வதேசத் தேர்வில் வெற்றி, இறைவனுக்கு நன்றி. கோயில் முழுக்கக் கைதட்டல். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கைதட்டுகிற சத்தத்தில் உட்கார்ந்தே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "அன்னைக்கே பெயிலுன்னு சொன்னேனேம்மா!"

"நீ வெளையாட்டுக்குச் சொன்னேன்னு நெனச்சேன். அவ்ளோ பெருசா போட்டு வச்சிருக்கான், பொய்யாவாடி போடுவான்?"

"பொய்யாத்தான் போட்டிருக்காரு."

அம்மா முறத்தை எடுத்து அரிசியைப் புடைத்தாள். பிறகு, "சாமியாரு சொல்லிட்டாரு. ஜனங்க கைதட்டிட்டாங்க. யாருக்குடி தெரியும்? விடு" என்றாள். சார் சொன்ன அதே வார்த்தை. அவர் சொன்னபோது வராத எரிச்சல் இவள் சொன்னபோது வந்தது.

திங்கட்கிழமை கோலியனூரிலிருந்து ஒருவர் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். விவசாயக் கூலி என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நீங்கதானம்மா பேனர்ல? பாத்துட்டுத்தான் வந்தேன். நம்ம மாதிரி வூட்டுப் பொண்ணாட்டம் தெரியுது, அதுவே பாஸ் பண்ணிருக்குன்னா நம்ம புள்ளையும் பண்ணும்னு நெனச்சேன்" என்றார். வெளுத்த மூஞ்சியையும் வெள்ளைக்காரி கோட்டையும் தாண்டி அவர் என்னை எப்படி அடையாளம் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அட்மிஷன் போட வேண்டும்.

"நான் பெயிலுங்க" என்றேன். "இன்னும் பாஸ் பண்ணல. பண்ணுவேன். ஆனா இப்ப பெயிலு."

அவர் புரியாமல் விழித்தார். உள்ளேயிருந்து சார் வந்துவிட்டார். அவர்களிடம் சிரித்துப் பேசி உட்கார வைத்துவிட்டு, என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பல்லைக் கடித்தார். "பேனர எடுத்துடுங்க சார், இல்லன்னா நான் எடுப்பேன்" என்றேன். "எடு பாக்கலாம்" என்றார்.

சொன்னவருக்கு நான் ஓடு மாற்றுகிறவள் என்பது மறந்துவிட்டது. மேசை டிராயரில் பென்சில் சீவுகிற பிளேடு இருந்தது. எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். பேனருக்குக் கீழே பூ விற்கிற அம்மாவிடம் ஸ்டூல் கேட்டேன். எதற்கென்று கேட்காமல் கொடுத்தார். ஏறி நின்று என் படத்தைச் சுற்றி அறுக்க ஆரம்பித்தேன். ஃப்ளெக்ஸ் லேசில் அறுபடாது. பாண்டி பஸ்ஸுக்கு நின்றவர்கள், டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

"இன்னா பாப்பா, உம் போட்டோவ நீயே அறுக்கிற?" என்றார் பூக்காரம்மா.

"நான் பாஸ் பண்ணலக்கா. பொய்யா போட்டிருக்காங்க."

"அடப்பாவிங்களா. அந்த மூலைய ஜல்தியா அறு, போலீசு வந்துறப் போவுது."

மாணவ மணிகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஓட்டை விழுந்தது. அதன் வழியே பின்னால் நின்ற திருவண்ணாமலை பஸ் தெரிந்தது. எனக்கு வெட்கமே இல்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாகச் சிரித்தேன்.

சென்டருக்குத் திரும்பிப் போனேன். சார் என் பையை வாசலிலேயே வைத்திருந்தார்.

வேலை போனதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டாள். சுருட்டி எடுத்துவந்த ஃப்ளெக்ஸைப் பார்த்ததும்தான் உடைந்துபோனாள். "நம்ம தெருவுல செத்தவங்க மூஞ்சிதான்டி பேனர்ல வரும். உசுரோட இருக்கிறப்பவே வந்தது நீ ஒருத்திதான். அதையும் அறுத்துக்கினு வந்து நிக்கிறியே" என்று வாய்விட்டு அழுதாள். அவள் சொன்னது உண்மை. நான் செய்ததும் சரி. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன, நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருந்தோம்.

திண்டிவனத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கேபின் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர் எனக்கு. நிஜ ரூட்டர் மாதிரியே வேலை செய்கிற பயிற்சி சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டேன். பீரோவுக்குள் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்த அந்த ஒன்றைவிட இது எவ்வளவோ மேல். தொடலாம், கெடுக்கலாம், திரும்பச் சரிபண்ணலாம். ஊர்த்தெரு ஒரு நெட்வொர்க், காலனி ஒரு நெட்வொர்க் என்று வரைந்து, நடுவில் மளிகைக் கடைக்காரரைத் தூக்கிவிட்டு ரூட்டரை வைத்தேன். காலனியிலிருந்து அனுப்பியது மறுநொடியே ஊர்த்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. விளையாட்டுத்தான். ஆனால் எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது.

இன்னொன்றையும் மாற்ற வேண்டியிருந்தது. விட்டு வைத்துப் பிறகு பார்க்கிற என் பழக்கம். அது கையிலேயே ஊறியிருந்தது. ஒரு கேள்வியை எடுத்தால் அதை முடிக்காமல் அடுத்ததைப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். தெரியாவிட்டால் இருப்பதில் எது தப்பு என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, மிஞ்சியதைப் போட்டுவிட்டு, அதை மறந்துவிட வேண்டும். சொல்லச் சுலபம். மறந்துவிட்டுப் போவதற்குத்தான் எனக்கு அதிகப் பயிற்சி தேவைப்பட்டது. மறுபடி கட்டணம் கட்டப் பணம் எப்படிச் சேர்ந்தது என்பதை இங்கே சொல்லி யாரையும் உச்சுக்கொட்ட வைக்கப் போவதில்லை.

பொங்கலுக்கு முன்னால் திரும்பவும் சென்னைக்குப் போனேன். அதே அறை, அதே மேடம். இந்த முறை இன்ஸ்ட்ரக்ஷனை ஒரு வரி விடாமல் படித்தேன். ரூட்டர் கேள்வி நடுவிலேயே வந்தது. வந்த இடத்திலேயே உட்கார்ந்து அதை முடித்தேன். கடைசியில் திரையில் பாஸ் என்று வந்தபோது நான் அந்த எழுத்தை நம்பாமல் பிரிண்ட் வரும்வரை காத்திருந்தேன். மேடம் தாளை நீட்டினார். என் பேர், என் மார்க். கோட்டு போட்ட எவளும் அதில் இல்லை.

வீட்டுக்கு வந்து தாளை அம்மாவிடம் கொடுத்தேன். "இப்ப நெஜமாவா?" என்றாள். "நெஜமா" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு நாள் கழித்து அன்றுதான் என்னைச் சாப்பிடச் சொல்லி வாயால் கூப்பிட்டாள்.

மறுநாளே சாமியாரிடம் போனாள். இந்த முறை நானும் கூடப் போனேன்.

"ஞாயித்துக்கெழம பூசையில சொல்லணும் சாமி. பாஸ் பண்ணிடுச்சு."

சாமியார் நல்ல மனிதர்தான். குழப்பமாகப் பார்த்தார். "அதான் அப்பவே அறிவிச்சிட்டோமேம்மா. எல்லாரும் கைதட்டினாங்களே. திரும்பச் சொன்னா ஜனங்க குழம்புவாங்க. ஒரே பரீட்சைக்கு ரெண்டு தடவை எப்படிம்மா சொல்றது?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வரும் வழியில் பக்கத்து வீட்டு அத்தையிடம் நான் பாஸ் பண்ணினதைச் சொன்னாள். "அதான் தெரியுமே" என்றார் அத்தை. கடையில் சொன்னாள். "பழைய நியூசு சொல்றியே" என்று சிரித்தார்கள். யாருக்கும் இந்தப் பாஸ் தேவையாக இல்லை. நான் பெயிலாக இருந்தபோதே அவர்கள் என்னைப் பாஸாக்கி, வாழ்த்தி, முடித்துவிட்டார்கள். நான் ராப்பகலாகச் சம்பாதித்ததை வைக்க ஊரில் இடம் இல்லை. அம்மா கோபமாக இருந்தால் வேகமாக நடப்பாள். அன்று என்னால் அவளுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை. தை பிறந்துவிட்டதால் அறிவிப்பில் கல்யாண ஓலைகள் வரிசையாக இருந்தன. எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பேரை வாசித்து, இந்தத் திருமணத்துக்கு ஏதாவது தடை இருப்பதாகத் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்பார்கள். யாரும் எழுந்ததில்லை. அன்றும் சாமியார் வாசித்துவிட்டு, வழக்கம்போலத் தடையைக் கேட்டுவிட்டு, மைக்கை நிறுத்தப் போனார்.

அம்மா எழுந்து நின்றாள்.

பெண் வீட்டார் பக்கம் ஒரே சலசலப்பு. மாப்பிள்ளையின் அப்பா பாதி எழுந்தேவிட்டார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"கல்யாணத்துக்கு ஒண்ணும் இல்ல சாமி. அது நல்லா நடக்கட்டும். எனக்கு வேற ஒண்ணு சொல்லணும்" என்றாள். வயல்வெளியில் ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை. "ஆடி மாசம் எம்பொண்ணு பாஸுன்னு இங்க சொன்னது பொய்யி. சாமி மேல தப்பு இல்ல, நாந்தான் பேனரப் பாத்துட்டு வந்து சொன்னேன். எம்பொண்ணு அப்ப பெயிலு. பெயிலுன்னு அது எங்கிட்ட சொல்லிச்சு, நாந்தான் நம்பல. அந்த பேனர அதுவே அறுத்துச்சு. வேலையும் போச்சு. இப்ப திரும்பப் போய் எழுதி, இப்பத்தான் பாஸ் பண்ணிருக்குது."

ஒருவரும் கைதட்டவில்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. நான் எழுந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"சரிம்மா, சந்தோஷம். ரெண்டு பேரும் உக்காருங்க. நான் அறிவிச்சிடுறேன்" என்றார் சாமியார். மைக் பக்கம் குனிந்து, நம் பங்கின் பிள்ளை, தேர்வில் வெற்றி பெற்றிருக்கிறார் என்று ஆரம்பித்தார்.

அம்மா உட்காரவில்லை.

"பெயிலானதையும் சேத்துச் சொல்லுங்க சாமி" என்றாள். "அதுவும் எம்பொண்ணு தானா கஷ்டப்பட்டு எடுத்தது."

சாமியார் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார். பிறகு மைக்கைச் சரிசெய்துகொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.